கொப்பு கட்டி இறங்குகிற மலை

மலைச்சாமிக்குத் தன் பெண்சாதியின் அண்ணன் சுருளிவேல் மேல் பதிமூன்று வருஷமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. மனத்தாங்கல் என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே கிடந்தது கோபம்தான். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாத புது மாப்பிள்ளையைக் குமுளி மலைக்காட்டில் தனியாக விட்டுவிட்டு, சைக்கிளில் தன்பாட்டுக்கு இறங்கிப் போனவரை வேறு என்னவென்று நினைப்பது?

சுருளிவேலுக்குக் குச்சனூரில் வாய்க்காலை ஒட்டி அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போன ஒரு எஸ்டேட் கிளார்க்கிடமிருந்து அந்தச் சைக்கிளை வாங்கினார். மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வெற்றிலை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பது யோசனை. முதல் நடையிலேயே யோசனை கெட்டது. கூடலூர் தாண்டியதும் முல்லையாற்றின்மேல் பனி படுத்துக் கிடந்ததைப் பார்த்து மனுஷன் சைக்கிளை நிறுத்திவிட்டார். பனி எழுந்திருக்கிற வரை இருந்தார். அப்புறம் பனி இல்லாத ஆற்றையும் பார்க்க வேண்டுமல்லவா, அதற்கும் இருந்தார். வெற்றிலை மறுநாள் சருகாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தது. வியாபாரம் அன்றோடு நின்றது. அவர் நிற்கவில்லை.

கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டி முடித்தால் அடுத்த முறைக்கு நாலு நாள் உண்டு. அந்த நாலு நாளும் அவர் ஊரில் இருக்கமாட்டார். கட்டுச்சோற்றைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நடை போடி வழியாகக் குரங்கணி அடிவாரம், ஒரு நடை ஆற்றோரமாகவே மயிலாடும்பாறைக்கும் அதற்கு மேலேயும். அப்போதெல்லாம் சாலையில் எதிர்ப்படுவது மாட்டுவண்டிதான். இரண்டு பக்கத்துப் புளியமரமும் மேலே கைகோத்திருக்கும். நிழலுக்குள் நுழைந்தால் அடுத்த ஊர் வருகிற வரை நிழல், சங்கிலிச் சத்தம், ஏதாவது ஒரு பறவை.

"என்ன சோலியா வந்தீக?" என்று போகிற ஊரிலெல்லாம் கேட்பார்கள்.

"சோலி ஒண்ணுமில்ல. பாத்துட்டுப் போகலாம்னு."

யார் நம்புவார்கள்? மயிலாடும்பாறையில் மாட்டுத் தரகர் என்று நினைத்து இரண்டு காளையை ஓட்டிவந்து நிறுத்திவிட்டார்கள். தேவதானப்பட்டியில் அவருக்கே பெண் பார்த்திருந்தது. பெண் வீட்டார் பணியாரம் சுட்டு வைத்துக் காத்திருக்க, இவர் ஊருக்கு ஒரு மைல் முன்னால் மஞ்சளாற்றில் காலை நனைத்தவர் பொழுது சாயத்தான் எழுந்தார். வந்த காரியம் நினைவுக்கு வந்தபோது குச்சனூருக்குப் பாதி தூரம் திரும்பியாயிற்று. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பெண் கொடுக்க வரவில்லை. அவரும் தேடவில்லை.

இப்பேர்ப்பட்டவர்தான் முப்பத்தொன்றாம் வருஷம் மாசியில், தங்கச்சி மாப்பிள்ளைக்கு மலையைக் காட்டுகிறேன் என்று மலைச்சாமியைக் கேரியரில் உட்காரவைத்து அழைத்துப் போனார்.

ஏறும்போது இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பினால் இரண்டாவது வளைவிலேயே கட்டை தீய்ந்து நாறும். அதனால் தழை அடர்ந்த பெரிய கொப்பு ஒன்றை வெட்டி, கேரியரில் கயிற்றால் கட்டி, பின்னால் தரையில் இழுபடவிட்டு இறங்குவார்கள். கொப்பு ரோட்டைப் பற்றிக்கொண்டு சைக்கிளை ஓடவிடாது. தழை தேய்ந்து விறகாகிவிட்டால் நிறுத்தி வேறு கொப்பு வெட்ட வேண்டும்.

பாதி மலையில் கொப்பு தேய்ந்தது. சுருளிவேல் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு கல்லில் காலை ஊன்றி நின்றுகொண்டு, பழைய கொப்பை அறுத்துவிட்டார். "மாப்ளே, அங்கன பாருங்க, புங்கமரம். நல்லா தழைஞ்ச கொப்பா ஒண்ணு வெட்டிட்டு வாங்க" என்றார். மலைச்சாமி அரிவாளோடு சரிவில் இறங்கி வெட்டிக்கொண்டு மேலே வந்து பார்த்தால், கல் இருக்கிறது. மச்சான் இல்லை. சைக்கிள் இல்லை. கூப்பிட்டான். மலை திருப்பிக் கூப்பிட்டது.

கொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். குரங்கு வந்தால் விரட்ட உதவும் என்று எடுத்தது. நடக்க நடக்க, இதைக் கொண்டுபோய் அந்த மனுஷன் காலடியில் போட்டு நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. கூடலூரில் தங்கி, வண்டியும் நடையுமாக மறுநாள் மத்தியானம் குச்சனூர் வந்து சேர்ந்தான். சுருளிவேல் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க மாப்ளே! என்ன, கொப்போட வர்றீக?" என்றார்.

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை அவன் எடுப்பதற்குள் பக்கத்துக் கொடிக்காலில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பஞ்சம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. அவள் கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. அன்றைக்கு விழுந்தது பேர்: கொப்பு மாப்பிள்ளை. முதல் பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்கும் அதே பேர்தான்.

வருஷத்துக்கு ஒரு தரமாவது கேட்டுவிடுவான். "ஏன் மச்சான் என்னைய விட்டுட்டுப் போனீக?" சுருளிவேல் வெற்றிலையைத் துடைப்பார், காம்பு கிள்ளுவார், வானத்தைப் பார்ப்பார். இந்த வீம்பிலேயே மலைச்சாமி சைக்கிள் விடப் பழகினான். இனி எவன் பின்னாலும் உட்கார்ந்து போகக்கூடாது.

நாற்பத்துநாலில் சுருளிவேலுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. கம்பத்து டாக்டர் சித்திரை தாண்டாது என்று சொல்லிவிட்டார். கயிற்றுக்கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மலைச்சாமியின் பெண்சாதி பொன்னாத்தாள்தான் பேச்சை எடுத்தாள்.

"அண்ணன் ஒரு தடவை மலை எறங்கணுங்கிறாக."

"எறங்கட்டும்."

"மிதிக்க முடியாதுல்ல. நீங்கதான் கூட்டிட்டுப் போகணுமாம்."

"நானா? நடுக்காட்டுல எறக்கிவிட்டு வந்துருவேன், சம்மதமான்னு கேளு."

அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டே வந்தாள். "சம்மதமாம்."

மச்சான் செத்துப்போனால் பதிலும் கூடவே போய்விடும் என்பது மலைச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போகிற வழியில் எப்படியும் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். "நாளைக்குக் காலையில கெளம்பச் சொல்லு" என்றான்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ் அடுப்புக்கரிப் புகையில் ஓடியது. பாதி நாள் அதுவும் ஓடாது. கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டு வைத்துத் தைத்து, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, மச்சானை உட்காரவைத்தான். தூக்கும்போது ஆளில் எடையே இல்லை.

உத்தமபாளையம், கம்பம், கூடலூர். ரோடு அவர்களுடையதாக இருந்தது. நெல் பால் பிடித்திருந்த வாசனை வந்தது. சுருளிவேல் பின்னாலிருந்து சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்: இந்தப் பாலத்தடியில் நீர்க்கோழி இருக்கும், இந்த இடத்தில் காற்று குளிரும் பாருங்க. குளிர்ந்தது. கேட்க வந்ததை மலைச்சாமி ஒவ்வொரு பாலத்திலும் தள்ளிப்போட்டான்.

கூடலூரில் இரவு தங்கி, விடிந்ததும் லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினான். மச்சான் மேலே இருக்க, சைக்கிளைத் தள்ளினான். மேகம் ரோட்டில் இறங்கி நடந்தது. சில இடத்தில் கைப்பிடி மட்டும் தெரிந்தது, சில இடத்தில் பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும்.

எல்லையில் திருவிதாங்கூர்ச் சுங்கச் சவுக்கைக்காரர் மறித்தார். "எந்தா, புகையிலை வல்லதும் உண்டோ?"

"ஒண்ணுமில்லய்யா."

"பின்னே எதுக்கு வந்தது?"

"எறங்குறதுக்குத்தான்" என்றார் சுருளிவேல்.

சவுக்கைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எறங்கான் வேண்டி ஏறியதா! கொள்ளாம்" என்று மெச்சிச் சிரித்து, பால் சேர்க்காத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தார்.

இறங்குமுன் மலைச்சாமி கொப்பு வெட்டிக் கட்டினான். சர்ரென்று தழை இழுபட, தூசி பின்னால் எழும்ப, சைக்கிள் பசு மாதிரி அடக்கமாக இறங்கியது. அந்தக் கல் வந்தது. புங்கமரம் கொழுத்திருந்தது. மலைச்சாமி காலை ஊன்றினான்.

"மச்சான், இது எந்த எடம்னு தெரியுதா?"

"தெரியும்."

"இப்பவாவது சொல்லுங்க. ஏன் விட்டுட்டுப் போனீக? சீர்வரிசையில நான் ஏதாச்சும் கொற சொன்னேனா? என்னையப் பிடிக்கலயா?"

சுருளிவேல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார். "விட்டுட்டுப் போகல மாப்ளே. மறந்துட்டேன்."

"என்னது?"

"கல்லுல இருந்து காலு நழுவிருச்சு. கொப்பு இல்ல. வண்டி ஓடுது. பிரேக்கு பிடிக்கல. பயந்துதான் போனேன். ரெண்டு வளைவு தாண்டினதும் பயம் எங்கிட்டுப் போச்சுன்னு தெரியல. அதுவரைக்கும் எறங்குனதெல்லாம் கொப்புச் சத்தத்துல எறங்குனது. அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல. காடு ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரிப் போச்சு. கீழ ஆறு தெரிஞ்சுச்சு. எம் பேரே எனக்கு ஞாபகம் இல்ல மாப்ளே, உங்கள எங்க ஞாபகம் வச்சிருக்க? கொப்போட வந்து நின்னீகளே, அப்பத்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் சிரிச்சேன்."

"இத அன்னைக்கே சொல்லலாம்ல?"

"விட்டுட்டுப் போனேன்னா மாப்பிள்ளைக்குக் கோவம் வரும், ஒரு நாளைக்குத் தீரும். மறந்துட்டேன்னா கேவலமுல்ல? வீட்டு மாப்பிள்ளைய எவனாச்சும் மறப்பானா?"

மலைச்சாமி சைக்கிளை நகர்த்தினான். பதிமூன்று வருஷம் தூக்கிச் சுமந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தது. பஞ்சணையில் வைத்தாற்போல் ஒவ்வொரு வளைவாகத் திருப்பினான். கடைசி வளைவு தாண்டியதும் மேகம் விலகியது. அதற்குக் கீழே லோயர் கேம்ப் வரை நேரான சரிவு. வெறும் ரோடு. பள்ளத்தாக்கு முழுசும் வெயிலில் விரிந்து கிடந்தது, நடுவில் முல்லையாறு.

"நிறுத்துங்க மாப்ளே. கொப்ப அவுத்து விடுங்க."

இறங்கிக் கயிற்றை அறுத்தான். தேய்ந்த கொப்பைத் தூக்கி ரோட்டோரம் சாய்த்துவைத்தான். திரும்ப ஏறி உட்கார்ந்து, துண்டை எடுத்து மச்சான் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினான்.

"சரியா இருக்கீகளா?"

"இருக்கேன்."

மிதியில் ஒரு கால் வைத்தான். "மச்சான், இருக்கீகள்ல?"

சுருளிவேல் முன்னால் சாய்ந்து அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இப்படிக் கேட்டுக்கிட்டே போனா ஒண்ணும் தெரியாது மாப்ளே. கீழ போய்ச் சேர்ற வரைக்கும், நான் பின்னால இருக்கேங்கிறத மறந்துருங்க."