கிழிந்த சட்டைக்கு இஸ்திரி போட்டவர்

ஜூன் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு அவர் எங்கள் பள்ளி அலுவலகத்துக்குள் வந்தார். பியூன் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நன்கொடை தர வந்தவர் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் சொட்டு நீலம் போட்டு வெளுத்த முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார். கறுப்புக் கால்சட்டையில் மடிப்பு கத்தி போல நின்றது. ஷூவில் ஜன்னல் தெரிந்தது. அவர் உட்காரவில்லை. என் மேசைப் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"கட்டணச் சலுகைக்கு விண்ணப்பம் இங்கதானே சார் குடுக்கறாங்க?"

பியூன் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் லிப்ட் இயக்கியவர். தெருவில் அவரை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்கள். பால் வாங்கப் போனாலும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல இருப்பாராம். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் எங்கள் பள்ளியில் கடைசி வகுப்பில் படித்தாள். அந்த லிப்டின் மூன்று பக்கமும் கண்ணாடி. காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை தன்னையே மூன்று பேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். காலரில் ஒரு நூல் பிரிந்தாலும் மூன்று பேருக்கும் பிரியும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் கடைக்காரர் புதிய லிப்ட் போட்டார். வாடிக்கையாளர்களே பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டி பிரிக்கிற வேலை, பாதிச் சம்பளம். அங்கே அழுக்கு லுங்கியோடு வேலை செய்தாலும் கேட்பாரில்லை. அவரோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய கோணிப்பை ஒன்றில் தைத்த அங்கியை அணிந்து பெட்டி பிரித்து, மாலையில் மறுபடி சட்டையோடு வெளியே வந்தார். மகள் அவரைக் கிடங்குக் கோலத்தில் பார்த்ததே இல்லை. சம்பளம் குறைந்ததும் அவளுக்குத் தெரியாது.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு கட்டங்கள். பத்தைப் பெற்றோரும் கடைசியைக் குழுவும் நிரப்ப வேண்டும். பதினோராவது கட்டத்தை அலுவலக எழுத்தர் நிரப்ப வேண்டும். அதன் தலைப்பு, 'நேரில் கண்ட தோற்றம்'. எப்போதோ ஒரு தாளாளர், கழுத்து நிறைய நகையோடு வந்து அழுத யாரோ ஒருவரைப் பார்த்துவிட்டுச் சேர்த்த கட்டம் அது. இருபத்தாறு ஆண்டுகளாக அதில் கண்டதை மட்டுமே எழுதி வந்தேன். அன்றும் எழுதினேன்: 'வெளுத்து இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மடிப்புக் கலையாத கால்சட்டை. மெருகேறிய தோல் ஷூ.'

பதின்மூன்றாம் தேதி குழு கூடியது. பத்தொன்பது விண்ணப்பங்களில் பன்னிரண்டு தேறின. அவருடையதை யாரும் இரண்டாம் முறை புரட்டவில்லை. பதினோராம் கட்டத்தைப் படித்ததும் பொருளாளர் சிரித்தார். அவர் சிமெண்டு, கம்பி விற்கிற கடைக்காரர்.

"இவர் கிட்ட நாமதான் சலுகை கேக்கணும் போல."

கட்டணம் கட்டக் கடைசி நாள் ஜூலை பத்து. கட்டாவிட்டால் பெயர் நீக்கம். பெயர் இல்லாதவர் இறுதித் தேர்வு எழுத முடியாது. மறுப்புக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தபோது நின்றபடியே படித்தார். நான்காக மடித்து, பையில் வைத்தால் சட்டை புடைக்கும் என்பதாலோ என்னவோ, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்ன சார் தப்பாயிடுச்சு?"

பதினோராம் கட்டத்தைக் காட்டினேன். விரல் வைத்துப் படித்தார்.

"நீங்க எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல சார்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. மேல்முறையீடு செய்யலாம், குழு முன் நேரில் நிற்கலாம், மாணவியும் உடன் வர வேண்டும் என்று விதியைச் சொல்லி, வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் கொஞ்சம் பேசினார்.

மனைவி நோயில் கிடந்தபோது முதல் நாள் வீட்டில் இருந்தபடியே, கசங்கிய சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மறுநாள் லிப்ட் வேலைக்குப் போட்ட உடுப்போடு போயிருக்கிறார்.

"சட்டை சரியா இருந்தா, 'என்ன வேணும்'னு கேக்கறாங்க சார். இல்லைன்னா, 'யாரு நீ'ன்னு கேக்கறாங்க. என் பொண்ணை யாரும் அப்படிக் கேக்கக் கூடாது."

அதற்காக அவர் செய்தவற்றைக் கேட்டால் தையல்காரருக்கே தலை சுற்றும். அவருக்கு இருந்தவை இரண்டு வெள்ளைச் சட்டைகள். காலர் தேய்ந்தால் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்பார். அதுவும் தேய்ந்தால், கால்சட்டைக்குள் போகிற சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டிப் புதுக் காலர் செய்வார். அந்த இடத்தில் ஏதாவது ஒட்டுத்துணி. குனிந்தால் சட்டை வெளியே வந்துவிடும் என்பதால் குனியும்போதெல்லாம் ஒரு கை இடுப்பில் இருக்கும். அதைப் பலர் பணிவு என்று நினைத்தார்கள். மகளின் சீருடைப் பாவாடையை ஏழாம் வகுப்பில் நான்கு அங்குலம் அதிகமாக வாங்கி, உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒரு மடிப்பாக இறக்கினார். மடிப்பு இருந்த இடத்தில் கோடு தெரியுமல்லவா? அதன்மேல் மெல்லிய நாடா வைத்துத் தைத்தார். மற்றப் பெண்கள் அதைப் புதுப் பாணி என்று நினைத்து, எந்தக் கடை என்று கேட்டார்களாம். அவளும் தெரியாமல் அப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறாள்.

அவருக்கு ஆறு வயது மூத்த அக்கா ஒருவர், பக்கத்துத் தெருவில் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கே நடந்ததை அந்த அம்மாள் பின்னால் என்னிடம் நடித்தே காட்டினார்.

"உதவி கேக்கப் போனியா, பொண்ணு பாக்கப் போனியாடா? உன்னைப் பாத்தா நானே கைமாத்துக் கேப்பேன்."

"இருக்கறதைத்தான்க்கா போட்டுக்கிட்டுப் போனேன்."

"அடுத்த தடவை கிழிஞ்சது ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போ."

"கிழிஞ்சது இல்லைக்கா."

"என்னது?"

"எல்லாத்தையும் தெச்சுட்டேன்."

"கிழிஞ்ச சட்டைக்குக்கூட வக்கில்லாத ஏழையை இன்னிக்குத்தான் பாக்கறேன்! இரு, வரேன்."

அக்காவின் கணவர் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். அவருடைய வேலைச் சட்டை ஒன்றை அக்கா கொண்டுவந்தார். வலது முழங்கை கிழிந்தது, இரண்டு பொத்தான் இல்லை, முதுகு முழுக்க நீல வர்ணம். "இதை அப்படியே போட்டுக்கிட்டுப் போ. தலையைக்கூட வாராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு அவர் அந்தச் சட்டையோடு வந்தார். அதற்கு இஸ்திரி போட்டிருந்தார்.

எப்படி நடந்தது என்று அவரே சொன்னார். வியர்வை நாற்றம் மட்டும் போகட்டும் என்று நனைத்திருக்கிறார். நனைத்தது காயவில்லை. காய வைக்க இஸ்திரிப் பெட்டியை எடுத்திருக்கிறார். பெட்டியின் முனை முழங்கைக் கிழிசலில் மாட்டி மாட்டி இழுத்திருக்கிறது. மேலும் கிழியாமல் இருக்கட்டும் என்று நாலு தையல் போட்டிருக்கிறார். ஊசி கையில் இருந்ததால் பொத்தானும்.

"கை நிக்கல சார்" என்றார்.

பதினோராம் கட்டம் மறுபடி என் முன் வந்தது. எழுதினேன்: 'வர்ணக் கறை படிந்த பழைய சட்டை. வலது முழங்கைக் கிழிசல் அதே நிற நூலால் தைக்கப்பட்டுள்ளது. இஸ்திரி போடப்பட்டுள்ளது.' கடைசி வரியை விட்டிருக்கலாம். விடவில்லை.

குழுவில் ஐந்து பேர். தலைமையாசிரியை நடுவில். மகள் வெளியே நின்றாள். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை. பொருளாளர் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"போன தடவை ராஜபார்ட். இந்தத் தடவை பிச்சைக்காரன் பார்ட்டா? உலகத்துல எவனாவது கிழிஞ்ச சட்டைக்கு இஸ்திரி போடுவானா?"

"நான் போடுவேன் சார்."

"வேஷம் போடறதையாவது ஒழுங்காப் போடக் கூடாதா? எங்களைப் பாத்தா எப்படி இருக்கு?"

"வேஷம் இல்ல சார். சட்டை மட்டும் மச்சானோடது. மத்ததெல்லாம் நெஜம் சார்."

"பாத்தீங்களா, சட்டையே இவரோடது இல்லையாம்!" பொருளாளர் பேனாவைத் திறந்தார்.

தலைமையாசிரியை, "கடையிலிருந்து சம்பளச் சீட்டு ஏதாவது..." என்று இழுத்தார்.

"கிடங்குக்காரங்களுக்குச் சீட்டு கிடையாதும்மா. கையில குடுப்பாங்க."

"அப்ப நாங்க எதை வெச்சு நம்பறது?"

அவருடைய கைகள் காலருக்குப் போயின. முதல் பொத்தானைக் கழற்றினார். சரி செய்துகொள்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. சட்டையைக் கழற்றி, அந்த நேரத்திலும் தோள்பட்டை மடிப்புப் பார்த்து மடித்து, மேசை ஓரத்தில் வைத்தார். பனியனோடு நின்றார்.

அது பனியனாக இருந்ததற்கு அடையாளம் தோள்பட்டையில் இரண்டு வார்கள்தான். வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துணியே இல்லை. நெஞ்சில் இருந்த ஓட்டைகளை எண்ணத் தொடங்கி, பதினேழில் நிறுத்திவிட்டேன். ஒரு தையல் கிடையாது.

"வெளிய தெரியாததுக்கு நூல் எதுக்குன்னு விட்டுட்டேன் சார்" என்றார். "இதுக்கு மேலயும் பாக்கணுமா?"

"ஐயோ, போடுங்க. சட்டையைப் போடுங்க" என்று தலைமையாசிரியை எழுந்துவிட்டார். பொருளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுச் சலுகைக்கு ஐந்து கையெழுத்துகளும் இரண்டே நிமிடத்தில் விழுந்தன.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினார். பாதி திறந்த கதவில் மகள் நின்றிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய் காலை அவர் வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டைதான். ஆனால் கண்கள் கோவைப்பழமாட்டம் சிவந்திருந்தன.

"தொடர்ந்து எத்தனை நாள் வரலைன்னா பேரை எடுப்பாங்க சார்?"

"பத்து வேலை நாள். பத்தாம் நாள் சாயந்திரம் நீக்கணும்."

"இன்னியோட மூணு."

"ஆமாம்."

மகள் அத்தை வீட்டில் இருந்தாள். மெழுகுவத்திப் பட்டறை ஒன்றில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். 'உங்க பனியனைப் பாத்தப்புறம் நான் எப்படிப்பா பாடம் படிப்பேன்?' என்று ஒரே ஒரு முறை கேட்டாளாம். அதன்பின் பேச்சே இல்லை.

"மூணு வருஷமா மறைச்சேன் சார். அவ படிக்கணும்னுதான் கழட்டினேன். கழட்டினதாலேயே போயிட்டா."

பதிவேட்டில் சலுகை ஏறியிருந்தது. அதற்கு எதிரே ஒவ்வொரு நாளும் 'வரவில்லை' ஏறியது. நான்கு, ஐந்து, ஆறு. இரண்டு முறை தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். அவள் வெளியே வந்து பேசக்கூட இல்லை. ஒன்பதாம் நாள், ஜூலை பத்து, மாலை மணி அடித்தபோது அவர் பள்ளி வாசலில் நின்று எல்லாப் பெண்களும் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாகப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டிலிருந்து கிளம்பினார். பனியனோடு. சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். பனியனோடு தெருவில் நடக்கிறவர்கள் எத்தனையோ பேர்; அவர் நடந்ததில்லை. அதுவும் அந்தப் பனியனோடு. பால் கடையில் நின்றவர்கள் "என்ன மாப்பிள்ளை!" என்று தொடங்கி, அருகில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்களாம். அக்கா பின்னாலேயே ஓடியிருக்கிறார்.

"டேய், மானம் போகுதுடா! சட்டையைப் போடுடா!"

"வழிவிடுக்கா."

"பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?"

"இன்னிக்குப் பத்தாம் நாளுக்கா."

மெழுகுவத்திப் பட்டறை எட்டு மணிக்குத் திறந்தது. அவள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். அவர் கதவுக்கு நேர் எதிரே, வெயிலில் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், பிறகு சிரிக்காமல் பார்த்தார்கள். எட்டு ஐம்பதுக்கு முதலாளியே மகளை வெளியே அனுப்பினார்.

"அப்பா! என்னப்பா இது?"

"இதானே உனக்குப் பாக்க முடியல. நல்லாப் பாரு."

"சட்டையைப் போடுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ பெட்டி கட்டினா நான் இப்படித்தான் கண்ணு தினமும் இங்க வந்து நிப்பேன். கட்டலைன்னா மறைச்சுக்கிட்டு இருப்பேன். எது வேணும்னு நீயே சொல்லு."

"போடுங்கப்பா."

"முதல்ல நீ நட."

அவள் அழுதுகொண்டே நடந்தாள். அவர் நாலடி பின்னால் பனியனோடு நடந்தார். வழியில் இரண்டு தடவை அவள் நின்று சட்டையைப் பிடுங்கப் பார்த்தாளாம், கொடுக்கவில்லை. அத்தை வீட்டில் நின்று சீருடை மாற்றிக்கொள்ளும்போதும் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக் காவலாளி அவரை அடையாளம் தெரியாமல், "யாருய்யா நீ?" என்று கேட்டார்.

"என் அப்பா" என்று அவள் சொன்னாள். வெடுக்கென்று சொன்னதாகக் காவலாளி சொன்னார்.

அலுவலக ஜன்னலிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் வாயிலைத் தாண்டி உள்ளே வந்தாள். திரும்பி, அவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். அவர் காகிதத்தைப் பிரித்து, சட்டையை உதறி, கைகளை நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். கடைசிப் பொத்தான் வரை அவள் நகரவில்லை.

பள்ளி தொடங்குவது ஒன்பதே கால். அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது. பத்தாம் நாளுக்கு எதிரே, 'வந்தாள். இருபத்தைந்து நிமிடம் தாமதம்' என்று எழுதினேன்.