மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

எங்கள் அம்மா புதூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண். கயத்தாறுக்கு அருகே எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அப்பாவுக்கு இணையாகக் கரிசலில் நின்று உழைத்தார்கள். பருத்தி எடுப்பில் அம்மாவின் நிரையை முந்திப் போக ஊரில் ஆளில்லை. வாயும் அப்படித்தான். கேலி பேச ஆரம்பித்தால் காட்டில் ஒருவருக்கும் வேலை ஓடாது.

அந்த அம்மாதான் தொண்ணூறுகளின் நடுவில், நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், மந்தமாகிப் போனார்கள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. கத்தரி வெயிலில் குளிர்கிறது என்று கம்பளியைத் தேடினார்கள். "சோம்பேறித்தனம் வந்துட்டு" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். யார் யார் என்று இங்கே எழுதவில்லை. அம்மாவின் இந்த நினைவு மலரை வாசிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் சோதித்து, தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது, ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றார்கள். சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று இருந்ததை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவள் நான்தான். மறுநாளிலிருந்து விடிந்ததும் கருப்பட்டிக் காப்பி போட்டு, மாத்திரையோடு கொண்டுபோய் அம்மாவை எழுப்புவேன். சுடச்சுடக் காப்பியில் மாத்திரை உள்ளே போகும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

மாதங்கள் போயின, உடம்பு தேறவில்லை. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் அப்படியேதான். ஒரு நாள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு அம்மா அசந்து தூங்கி, பானை கருகிப் போனது. அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார்கள். "பரீச்சை முடியட்டும்ட்டி. அதுக்கு மேல படிப்பு வேண்டாம். அம்மாவால முடியல, வீட்டப் பாக்க ஆள் வேணும்லா."

ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கும் அதுதான் ஆசை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா கேட்டார்கள்: "மாத்திரைய எப்படிம்மா போடுதீய?"

"காப்பியிலதான்" என்றார்கள் அம்மா.

"வெறும் வயித்துலன்னு எழுதியிருக்கேன்லா?"

நான் முந்திக்கொண்டேன். "வெறும் வயிறுதான் டாக்டர். காப்பி என்ன சாப்பாடா? விரதம் இருக்கவிய கூட காப்பி குடிக்கத்தான செய்தாவ!"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். காப்பியோடு போட்டால் இந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை அத்தனை மாதம் முடக்கிப் போட்டது நான் பாசமாகக் கொடுத்த காப்பி.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அழாத. காப்பி நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு" என்றார்கள்.

அதன்பிறகு தினமும் மாத்திரை, பிறகு காத்திருப்பு. அம்மாவுக்குக் காப்பிதான் உயிர். "மணி ஆயிட்டாட்டி?" என்று நாலு தடவை கேட்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் முகம் வடிந்தது, குரல் திரும்பியது. பங்குனியில் அம்மா மறுபடியும் பருத்தி நிரை பிடித்ததை அப்பா வரப்பில் நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து, "பயிற்சிக்கு விண்ணப்பம் எங்க குடுக்காவன்னு கேட்டுட்டு வா" என்றார்கள். நான் இன்று ஆசிரியையாக இருப்பது அப்படித்தான்.

பத்து வருடங்களுக்கு மேல் அம்மா ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கடைசிக் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு என்னிடம் மணி கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் முடியுமுன்னே போய்விட்டார்கள்.

அம்மாவைத் தேற்றிய டாக்டரம்மாவுக்கும், மாதம் தவறாமல் டவுனிலிருந்து மாத்திரை வாங்கி வந்து தந்த மினிபஸ் கண்டக்டர் அண்ணாச்சிக்கும், கடைசிவரை கூட நின்ற மாமன்மார்களுக்கும் ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பதினாறாம் நாள் படையலில் இலையோரம் கருப்பட்டிக் காப்பி வைத்தேன். வழக்கம்போல என் கண் கடிகாரத்துக்குப் போனது. அப்பா கவனித்துவிட்டார்கள்.

"இனிமே மணி பாக்க வேண்டாம்ட்டி. சூட்டோட குடிக்கட்டும்."