அப்பா வைத்த கால் மணி நேரம்

எங்கள் சமையலறைக் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முந்தி ஓடும். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் வேலை பார்த்த அப்பா, ஃபெரிப் படகைத் தவறவிடாமலிருக்க அப்படி வைத்திருந்தார். அவர் காலமான பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை. மனத்துக்குள் பதினைந்து நிமிடம் கழித்துக்கொள்வோம்.

மகளுக்குப் பரீட்சை இருந்த அன்று காலை, அப்படித்தான் கழித்துப் பார்த்துவிட்டு நிதானமாகத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து தங்கியிருந்த கொழுந்தனார் எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, இன்னும் கிளம்பலையா? கடிகாரம் ரொம்ப முந்தி ஓடுச்சு, நேத்தே நான் சரி பண்ணிட்டேன்லா!”

கோபப்படக்கூட நேரமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்தேன். வழியெல்லாம் ஜாம். மகள் அழுதேவிட்டாள். பள்ளி கேட்டை மூடும்போதுதான் உள்ளே ஓடினாள்.

திரும்பும்போது அப்பா ஞாபகம் வந்தது. அவர் ஒருநாளும் கழித்துப் பார்த்ததில்லை. கடிகாரம் காட்டியபடியே கிளம்பி, வழியில் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போவார். மிஞ்சும் நேரத்தில் வாசலில் நின்று, சூடான கறிபாப் பலகாரத்தைப் பிட்டுக் கொடுத்துக் கதை பேசுவார்.

கடிகாரத்தை மறுபடியும் முந்த வைத்துவிட்டேன். இப்போது நானும் கழிப்பதில்லை. தினமும் பள்ளி வாசலில், காருக்குள், கால் மணி நேரம் மகள் பேசிக்கொண்டே இருக்கிறாள்.