சரளா மொழிபெயர்க்க மறுத்த சொல்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பு பிளாக்கின் வாட்சப் குழுவில்தான் செய்தி வந்தது. சரளா தூக்கத்திலேயே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை என் டப்பாவிலிருந்து ஊறுகாயை வழித்துத் தின்றவள். அவளை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில், ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளைத் தமிழாக்குவது எங்கள் இருவருக்கும் வேலை. நான் திருநெல்வேலிக்காரி, அவள் பக்கத்து முத்தாண்டிக்குப்பம். "கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதாதடி" என்று என் தமிழைக் கிண்டல் செய்வாள். படுமோசம், பயங்கரம் என்று பொருள்படும் 'அப்பாலிங்' என்ற ஆங்கிலச் சொல் அவளுக்கு ஆகவே ஆகாது. ஓட்டல் சாம்பாருக்கும் அதுதான், சாவுக்கும் அதுதானா என்று எரிந்து விழுவாள். அதன் பூர்வீகத்தையும் தோண்டி வைத்திருந்தாள். பழைய பிரெஞ்சில் வெளிறிப்போவது என்று பொருளாம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஒருவர் தன் முகம் வெளுப்பதையும், ருசி செத்துப்போன பானத்தையும் அப்படிச் சொன்னார்களாம். அடுத்தவரைத் திகைக்க வைப்பது என்ற பொருள் பிறகு வந்ததுதான். "மொதல்ல தன் மூஞ்சி வெளுத்துது. அப்புறம் ஊரான் மூஞ்சிய வெளுக்க வைக்கக் கத்துக்கிச்சு" என்பாள்.

ஒரு ஐப்பசி மழையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஷிப்ட் முடிந்தும் பஸ் வரவில்லை, யாருக்கும் போன் கிடைக்கவில்லை. பெண்கள் எங்கள் அலுவலக வாசலில் திரண்டுவிட்டார்கள். என் கணவரும் உள்ளேதான் இருந்தார். உள்ளிருந்து வந்த ஆங்கிலச் செய்தியின் தொடக்கத்திலேயே, கீழே உள்ள நிலவரத்தைச் சொல்ல, அந்தச் சொல் இருந்தது. அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. சரளா தாளை வாங்கிப் படித்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"ஷிப்ட் ஆளுங்க எல்லாரும் மேல ஏறிட்டாங்க. பம்ப் வேலைக்குப் போன காண்ட்ராக்ட் ஆளுங்க மட்டும் இன்னும் ஏறிக்கினு இருக்காங்க. ரோட்டுல தண்ணி, அதான் பஸ்ஸு லேட்டு."

"நெசமாவாங்க?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"வந்தத அப்படியே சொல்றேம்மா. எதையும் மறைக்கல."

'அந்தச் சொல்லை விட்டுவிட்டாயே' என்று கேட்டேன். "கீழ எப்படி இருக்குதுன்னா கேட்டாங்க? ஆளு எங்கன்னுதான கேட்டாங்க. மனுஷன மொதல்ல சொல்லு, நெலவரத்த அப்புறம் சொல்லு" என்றாள்.

பஸ் வந்தது. கணவரைக் கண்டதும் ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் சரளா மைக்கைப் பிடித்தபடியே நிற்கிறாள். முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"என்னடி?"

"பம்ப் வேலைக்குத்தான் எங்க தம்பி போயிருக்கான்."

கடைசி பஸ்ஸில் சேறும் சகதியுமாக அவன் வந்து இறங்கும்வரை அவள் உட்காரவே இல்லை. நடுநடுவே வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வரிசையைத்தான்: முதலில் மனிதர், பிறகு நிலவரம். இன்று மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கணவர் ஷிப்டில் இருக்கிறார். மைக் இப்போது என் மேசையில். வாசலில் நிற்பவர்களுக்கு நான் சொல்லிவிடுவேன் சரளா. எனக்கு யாரடி சொல்வார்கள்?