இருமுகிறவரிடம் போகிறவள்

என் மகள் விமானத்தில் வேலை பார்க்கிறாள். ஏறுகிறவர்களுக்குச் சாப்பாடு தண்ணீர் கொடுத்து, பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. நான் கடலூர் முதுநகரில் கருவாடு விற்றவள், அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அவள் சொல்லித்தான் எனக்கு அந்த வேலை தெரியும்.

ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது போனில் சொன்னாள். விமானத்தில் யாராவது காய்ச்சலும் இருமலுமாக இருந்தால் கடைசி வரிசைக்கு மாற்றிவிடுவார்களாம். வேலை செய்கிறவர்களில் ஒரே ஒருத்தர்தான் அவரிடம் போக வேண்டும், மற்றவர்களுக்கு ஒட்டிவிடக் கூடாதாம். மாஸ்க்கும் இருமுகிறவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சினால்தான் இவர்களுக்கு. அந்த ஒருத்தர் யார் என்று கேட்டேன்.

"புள்ளகுட்டி இல்லாதவங்களப் பாத்துதாம்மா அனுப்புவாங்க," என்றாள். அவள்கூட வேலை பார்க்கிறவர்களில் கல்யாணம் ஆகாதவள் அவள்தான்.

லீவு போட்டு வந்து இறங்கியபோது உடம்பு கொதித்தது. உள்ளறையில் படுத்துக்கொண்டு, யாரையும் உள்ளே விடாதே என்று மட்டும் சொன்னாள். எங்கள் மீன்காரத் தெருவில் பகலில் கதவு சாத்துகிற வழக்கம் இல்லை. மகள் வந்திருக்கிறாள் என்றால் தெருவே வந்து உட்காரும். வராதீர்கள் என்று ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வேப்பிலை ஒடித்து வாசல் நிலையில் செருகினேன். எங்கள் பக்கம் வேப்பிலை செருகிய வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று அர்த்தம். யாரும் படியேற மாட்டார்கள். அப்படியே ஆயிற்று. கூழை வாசலில் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்தது. எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன் என் ஓரகத்தி மகன். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவன் நிலையில் இருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"ஆத்தா எறங்கியிருக்கா சித்தி. தலைக்குத் தண்ணி ஊத்தாம வெளிய கொண்டாந்தா கோவிச்சுக்குவா."

அம்மை இல்லை, ஃப்ளூ என்றேன். அப்புறம் எதற்கு வேப்பிலை என்று கேட்டான். கூடின பெண்கள், நான் பயத்தில் உளறுகிறேன் என்றார்கள். ஒருத்தி என் நெற்றியில் விபூதி பூச வந்தாள். உள்ளே மகள் மூச்சை இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

வேப்பிலையை உருவித் தெருவில் போட்டேன். அம்மை குணமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அதை எடுத்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. எல்லாரும் பின்வாங்கினார்கள்.

"ஏரோபிளேன்ல சீக்காளிக்குத் தண்ணி குடுத்து வாங்கியாந்த காய்ச்சல்டா இது. அம்மைன்னா ஒடம்புல ஒரு முத்தாவது இருக்கணும்ல? வந்து பாரு."

அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அவன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். நர்ஸ் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் புது மாஸ்க், புது கையுறை, மேலே ஒரு அங்கி. வெளியே வந்ததும் கழற்றிப் போட்டுவிடுவார். இதில் பாதி என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பிழைத்தாள். மாடிப்படி ஏறினால் இன்னும் இளைக்கிறது, அதற்குள் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில், இப்பவாவது மாஸ்க் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கிறோம் என்றாள். இருமுகிறவரிடம் இனிமேல் யார் போவார்கள் என்று கேட்டேன். கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத்தான் ஒருக்கா வந்து போயிருச்சேம்மா. இனிமே நீயே போன்னு சொல்லிட்டாங்க."

பஸ் வந்து நின்றது. நான் அவள் பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.