சேதுக்கரை மணலுக்கு மெஷினைப் பழக்கியது

என்னிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் மற்றவர்கள் பிரஷர் பார்க்கும் கருவி வாங்குவார்கள்; நான் இதை வாங்கினேன். ராமநாதபுரம் கரையோரம் ஒரு காலத்தில் யவனக் கப்பல்கள் வந்து போயின என்று நாலு புத்தகத்தில் படித்திருந்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு வரும் வியாதிதான் எனக்கும் வந்தது. யவனர்கள் காசைத் தவறவிட்டதே என் பொருட்டுத்தான் என்று தோன்றிவிட்டது. ஆன்லைனில் வரவழைத்து ஆறு மாதம் கொல்லையைத் துழாவியதில் ஒரு குழாய்த் திருகும், சோடா மூடிகளும், முன்பு குடியிருந்தவரின் சைக்கிள் மணியும் கிடைத்தன. என் மனைவி அந்தக் கருவியைத் தொரட்டி என்றுதான் சொல்வாள். தொரட்டியாவது முருங்கைக்காய் பறிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

போன தை அமாவாசைக்கு மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க மச்சினனோடு நாங்களும் சேதுக்கரைக்குப் போனோம். தர்ப்பைப் பவித்திரம் போடுவதற்கு முன் விரலில் கிடந்த தங்க மோதிரத்தைக் கழற்றச் சொன்னார் ஐயர். மச்சினன் கழற்றி என்னிடம் கொடுத்தான். அது அவன் அய்யாவின் மோதிரம். அவர் முப்பது வருஷம் போட்டிருந்தது. மகன் விரலுக்குத் தொளதொளவென்று இருந்ததால் அடியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தான். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அதை அவர் கையிலிருந்து கழற்றி வாங்கியவள் என் மனைவி. ஆகவே அதை நான் மிகுந்த பொறுப்போடு வேட்டி மடியில், செல்போனுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன்.

ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஏதோ அவசரமாக்கும் என்று மடியிலிருந்து உருவிப் பார்த்தேன். பூங்கொத்துப் படத்தோடு யாரோ காலை வணக்கம் அனுப்பியிருந்தார்கள். பதில் வணக்கம் போட்டுவிட்டு மறுபடி செருகிக்கொண்டேன். பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எல்லோருடனும் கடலில் இறங்கி முங்கினேன். கரையேறியதும் மச்சினன் கையை நீட்டினான். மடியைத் தடவினேன். மடி காலி.

போனை உருவியது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனால் மாமனாரின் மோதிரத்தை ஒரு பூங்கொத்துக்காகத் தொலைத்தேன் என்று எந்த மருமகன் சொல்வான்? கடல் கொண்டுபோனது என்றால் ஒரு கௌரவம் இருக்கிறது. கடலை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அலை அடிச்சப்ப போயிருச்சு," என்றேன்.

"இங்கன ஏது மச்சான் அலை?" என்றான் மச்சினன்.

தை மாதத்தில் அந்தக் கடல் கிணற்றுத் தண்ணீர் மாதிரிதான் கிடக்கும். "ஒண்ணே ஒண்ணு வந்துச்சு," என்றேன். அன்றைக்குப் பூராவும் எத்தனையோ பேருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல அலை வளர்ந்துகொண்டே போனது. சாயங்காலத்துக்குள் நானே அதைக் கண்ணால் பார்த்தவன் ஆகிவிட்டேன். மனைவி இரவு சாப்பிடவில்லை. விடிந்ததும் என் பக்கம் திரும்பாமலே, "அந்தத் தொரட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வத்த நேரம் பார்த்து, தண்ணீர் பின்வாங்கியிருக்கும்போது மூவரும் போய் இறங்கினோம். ஹெட்போனை மாட்டிக் கருவியை முடுக்கினேன். அது ஊளையிட்டது. எங்கே வைத்தாலும் ஊளை. அந்தக் கரையில் வெள்ளை மணலுக்கு மேல் கரித்தூளைத் தூவியதுபோல் கறுப்பு வரிகள் ஓடும். காந்தத்தை விட்டு எடுத்தால் மீசை முளைத்துக்கொண்டு வரும் மணல். மெஷினுக்கு அந்தக் கரை மொத்தமும் ஒரே இரும்புக்கடை.

கையேட்டைப் பிரித்தேன். தாது கலந்த மண்ணாக இருந்தால் முதலில் கருவிக்கு அந்த மண்ணைப் பழக்க வேண்டுமாம். பொத்தானை அமுக்கிக்கொண்டு, அடியிலுள்ள வட்டத் தட்டை மண்ணுக்கு ஒட்ட இறக்கி, தூக்கி, இறக்கி, சத்தம் அடங்கும் வரை செய்ய வேண்டும். இதுதான் மண், இதற்கெல்லாம் கத்தாதே என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒரே ஒரு நிபந்தனை: உலோகம் எதுவுமே இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். உலோகம் இல்லாத இடம் என்று தெரிந்துகொள்ள மெஷின் வேண்டும். மெஷின் சொல்ல வேண்டுமென்றால் அந்த இடம் வேண்டும். தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதையும் அங்கேயே மனைவிக்கு விளக்கப் பார்த்தேன். அவள் கேட்கும் நிலையில் இல்லை.

நல்லவேளையாக, மோதிரம் நிச்சயமாக இல்லாத இடம் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் நாங்கள் உட்கார்ந்திருந்த மேட்டு மணல். மோதிரத்தைத்தான் அலை கொண்டுபோய்விட்டதே.

அங்கே நின்று பழக்கினேன். ஊளை முனகலாகி, முனகலும் தேய்ந்தது. ஓரிடத்தில் மட்டும் முரண்டு பிடித்தது. கறுப்பு மணல் அங்கே கூடுதல் போலிருக்கிறது என்று, அந்த இடத்துக்கு மேலேயே தட்டை வைத்து ஏழெட்டுத் தடவை தூக்கி இறக்கி அதையும் அடக்கினேன். மிச்சமிருந்த முணுமுணுப்புக்கு சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். மெஷின் சாதுவாயிற்று. பிறகு இரண்டு மணி நேரம் தண்ணீரோரமாக நடந்தேன். ஆணிகள் கிடைத்தன, ஊக்குகள் கிடைத்தன, தூண்டில் முள் ஒன்று கிடைத்தது, அமாவாசைக்கு வந்தவர்கள் போட்ட சில்லறை கிடைத்தது.

சில்லறைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் உண்டு. அமாவாசைக்கு மறுநாள் சல்லடையோடு வந்து மணலைச் சலிக்கும் ஒரு பெண். நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் மனைவியிடம் வந்தாள்.

"என்னக்கா, சார் கரண்டு ஆபீஸா?"

"இல்ல தாயி. எங்க அய்யா மோதிரம் தொலைஞ்சு போச்சு."

"எங்கன உக்காந்து குடுத்தீக?"

மனைவி மேட்டு மணலைக் காட்டினாள்.

"அங்கன இல்லம்மா," என்றேன் நான், ஹெட்போனைக் கழற்றாமலே. "அந்த இடத்தத்தான் முதல்ல பாத்தேன்."

"மிசினு இல்லேன்னுச்சா?"

"நான்தான் மிசினுக்கு இல்லேன்னு சொன்னேன்."

அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய்க் குந்தினாள். முதல் சல்லடையில் தர்ப்பைத் துண்டும் எள்ளும் நின்றன. இரண்டாவதில் ஒரு பீடித்துண்டு. மூன்றாவதில் மஞ்சள் நூல் சுற்றிய மோதிரம்.

என் மனைவி அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மச்சினன் கடலைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணாலேயே அளந்தான்.

"பெரிய அலைதான் மச்சான்," என்றான். "இவ்வளவு தொலைவு ஏறி வந்துட்டு, ஈரமில்லாம திரும்பியிருக்கு."

ஒரு சந்தேகத்தில் தட்டை மோதிரத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தேன். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பும்போது மச்சினன் கார் ஓட்ட, பின்னால் திரும்பி மனைவிக்கு விளக்கினேன். போன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அவள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. மோதிரத்துக்கு மேலேயே வைத்துப் பழக்கியதால் அது மோதிரத்தையும் மண்ணென்று எடுத்துக்கொண்டுவிட்டது, சொல்லிக்கொடுத்தவன் மேல்தான் பிழை என்று திருப்புல்லாணி தாண்டும் வரை பேசினேன்.

அவள் மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"அதக் குத்தம் சொல்ல முடியாதுங்க," என்றாள். "நீங்க சொன்னத நம்பித்தானே நானும் ராவெல்லாம் கடலப் போட்டுத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."