பன்றி ரூபாயைக் கேட்டு வந்தவர்

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். சரி, சிரித்துக்கொண்டே கேட்டாலும் பரவாயில்லை, நானும் உங்களைப் போல உட்கார்ந்து சிரித்தவன்தான். பேய் பார்த்தேன் என்று எவனாவது ஆரம்பித்தால், அன்றைக்கு என்ன குடித்திருந்தாய் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். பரிசுத்த ஆவியைத் தவிர வேறு எந்த ஆவியையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை, அதையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற வரைக்கும்தான். பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடாத மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பிரித்துப் பார்த்தால் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

எங்களுக்கு ஒரு நாணயச் சங்கம் உண்டு. பெயரைக் கேட்டு அறிவாளிகள் கூடும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், கோயிலை ஒட்டிய மறைக்கல்வி ஹாலைப் பங்குச் சாமியார் எங்களுக்குத் திறந்துவிடுவார். ஏழெட்டுப் பேர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவோம். கால் மணி நேரம் காசு பேசுவோம், மீதி நேரமெல்லாம் அரசியல். யார் யாரோடு கூட்டணி, யாருக்கு எத்தனை சீட், டெல்லியிலிருந்து யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்று, ஏதோ அந்தப் போனை இவர்கள்தான் எடுத்துக் கொடுத்த மாதிரிப் பேசுவார்கள். தேர்தல் அன்று வெயிலாக இருந்தால் இதில் பாதிப் பேர் ஓட்டுப் போடக்கூடப் போக மாட்டார்கள்.

சங்கத்துக்குத் தலைவர் தங்கவேல் அண்ணன். பஞ்சாலைக்கு உதிரி பாகம் செய்கிறவர். வெள்ளைக்காரனே இருந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும் என்பது அவருடைய கட்சி. அவருக்கு நேர் எதிர் ஜெயராஜ் சார், ரிட்டயர்ட் காலேஜ் வாத்தியார். வெள்ளைக்காரன் கொள்ளைக்காரன் என்று மேசையைத் தட்டிப் பேசுவார், பேசிக்கொண்டே விக்டோரியா ராணியின் கன்னத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார். அவர் ஆல்பத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த காசு ஒன்றுகூடக் கிடையாது. இந்த லட்சணத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் டீ குடிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேல் அண்ணன் தரையில் கால் பாவாமல் வந்தார். பொள்ளாச்சி சந்தைக்கு மாடு கொண்டுவந்த காங்கேயத்துப் பையன் ஒருவனிடம் ஒரு வெள்ளி ரூபாய் வாங்கியிருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட வருஷம் அடித்தது. காசு சேர்ப்பவர்கள் அதைப் பன்றி ரூபாய் என்பார்கள். ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும், அச்சு செதுக்கியவன் தும்பிக்கையைச் சிறிதாகச் செதுக்கிவிட்டதால் அது பன்றி மாதிரி தெரிந்து, ஜனங்கள் கொந்தளித்து, வெள்ளைக்கார அரசாங்கமே திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. தப்பித்ததுதான் இப்படி எங்காவது கிடைக்கும். அதைச் சதுர அட்டையில் வைத்து, நடுவில் கண்ணாடித்தாள் மூடி, நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் அப்படித்தான் வைப்போம். காசு மேல் விரல் படக் கூடாது.

"பாருங்க, ஜனங்க கத்துனதுக்கு அந்தக் கெவர்மெண்ட்டு காது குடுத்துச்சு. இப்ப இருக்கறவன் குடுப்பானா?" என்றார் தங்கவேல் அண்ணன்.

"காது குடுத்தானா? பயந்துபோட்டானுங்க. அதுவுமில்லாம இது பன்னியே இல்ல, நல்லாப் பாருங்க, யானை" என்றார் ஜெயராஜ் சார்.

ஆரம்பித்துவிட்டது. யானையா பன்றியா என்பதிலிருந்து ஆளும் கட்சிக்குப் போய், எதிர்க்கட்சிக்குப் போய், யார் எவ்வளவு தின்றார்கள் என்று போய், மறுபடியும் பன்றிக்கு வந்தது. அறுபது வயது தாண்டிய மனுஷர்கள். தேய்ந்துபோன ஒரு மிருகத்துக்கு லென்ஸை வைத்துக்கொண்டு இப்படி எச்சில் தெறிக்கக் கத்தினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

பார்க்கிறவர் ஒருவர் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. புது வேட்டி, சட்டையில்லாத தோளில் துண்டு, எழுபது வயது இருக்கும். தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தார். பல் வலி போல என்று நினைத்துக்கொண்டேன். நெற்றி நிறையச் சந்தனம்.

"ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்றார். வாய் அதிகம் திறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சலில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்தினேன்.

"உக்கார முடியாதுங்க" என்றார். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேசைக்கு வந்தார். "நான் காங்கேயத்துப் பக்கமுங்க. பேரு சென்னியப்பனுங்க. பையன் தெரியாம ஒரு ரூபாயை வித்துப்போட்டானுங்க. அது எங்கூட்டு நெத்திக்காசுங்க. எங்கய்யனுக்கு, எங்கம்மாளுக்கு, எல்லாத்துக்கும் அதைத்தானுங்க வெச்சது. திரும்பக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

செத்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டி வைப்பார்களே, அதுதான் நெற்றிக்காசு. அவர்கள் வீட்டில் அதே வெள்ளி ரூபாயைத்தான் தலைமுறையாக வைப்பார்களாம், பிணத்தைத் தூக்கும்போது காசைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வார்களாம்.

"இப்ப ஊட்டுல ஏதாச்சும்...?" என்று இழுத்தேன்.

"எழவுங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்க."

அவருடைய அண்ணன் தம்பி யாரோ என்று நினைத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணா, குடுத்துருங்க. எழவு ஊடுங்கறாங்க" என்றேன்.

தங்கவேல் அண்ணன் அந்த மனுஷரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வித்தது வித்ததுதான். இது சரித்திரம் பிரான்சிஸ்" என்றார்.

சரி, ஏழை எளியவன் என்று வாரா வாரம் மேசையைத் தட்டுகிற ஜெயராஜ் சாராவது பேசுவார் என்று திரும்பினேன். "மியூசியத்துல இருக்க வேண்டியதுங்க. பொணத்து மேல வெக்கறதா?" என்றார். அத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்று நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது.

"சும்மா கேக்கலீங்க. மாத்து ரூபா கொண்டாந்திருக்கேனுங்க" என்றார் சென்னியப்பன்.

தங்கவேல் அண்ணன் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இந்த ரூபாய்க்கு அந்த ரூபாயா?"

"ரூபாய்க்கு ரூபாய்தானுங்களே."

சிரிப்பு அடங்குவதற்குள் ஜெயராஜ் சாருக்கு அவரை வைத்து அரசியல் பேச ஆசை வந்துவிட்டது. "அது கெடக்கட்டும். கிராமத்து ஆளு நீங்க சொல்லுங்க, இந்தத் தடவை ஓட்டு யாருக்கு?"

"இனி என் ஓட்டு ஆருக்கும் இல்லீங்க."

"பாத்தீங்களா, நோட்டா! ஜனங்க வெறுத்துப்போட்டாங்க" என்று தங்கவேல் அண்ணன் துள்ளினார். உடனே நோட்டாவைப் பற்றி ஒரு சண்டை. ஒரு மனுஷன் எழவு வீட்டிலிருந்து வந்து கை கட்டி நிற்கிறான், இவர்களுக்கு நோட்டா. நான் கோபத்தில் எழுந்து, அவருக்கு ஒரு டீயாவது வாங்கித் தரலாம் என்று திரும்பினேன். அவர் இல்லை. வாசலில் இல்லை, கோயில் வளாகத்தில் இல்லை, ரோட்டிலும் இல்லை. அந்த நடையில் அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது.

நான் திரும்பி வந்தபோது ஹாலே அமைதியாக இருந்தது. அது ஒன்றே அமானுஷ்யம்தான். தங்கவேல் அண்ணன் கையில் அந்தச் சதுர அட்டை இருந்தது. நாலு பின்னும் அடித்தது அடித்தபடி. கண்ணாடித்தாள் கிழியவில்லை. உள்ளே ஜார்ஜ் ராஜாவைக் காணோம். இப்போது நாம் டீக்கடையில் கொடுக்கிற சாதாரண ஒரு ரூபாய் இருந்தது. அதன் மேல் ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.

"திருடன்!" என்று அண்ணன் கத்தினார். வந்த பெரியவர் மேசைப் பக்கம் கையையே நீட்டவில்லை என்று நான் சொன்னேன். அப்படியானால் நீதான் கூட்டு என்றார். இவர்களோடு பழகியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை. பையனின் ஊர் தெரியும், பிடித்துவிடலாம் என்று மூன்று பேரும் அண்ணன் காரில் கிளம்பினோம். பல்லடம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் மறுபடி கூட்டணிக்குப் போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்கு நடுவில் ஃப்ரீசர் பெட்டி, கண்ணாடி மூடி. உள்ளே சென்னியப்பன். அதே புது வேட்டி, தாடையைச் சுற்றி அதே வெள்ளைத் துணி. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் சந்தனத்தில் பதித்து ஐந்தாம் ஜார்ஜ்.

சொல்ல வெட்கமில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

காசை விற்ற பையன் தங்கவேல் அண்ணனைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர்தான் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று நினைத்தான் போல. "நேத்துச் சாயங்காலம் பொட்டியில வெக்கும்போது சாதா ரூபாதானுங்க வெச்சோம். அந்தக் காசு இல்லாம அப்பன் போகுதேன்னு ராத்திரியெல்லாம் எனக்குச் சோறு எறங்கலீங்க. பொட்டிய நாங்க ஆரும் தொறக்கவே இல்லீங்க. எப்படிங்கண்ணா வெச்சீங்க?"

பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் சம்சாரம் மட்டும் ஆச்சரியப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "அவரு எங்க போனாலும் வெறுங்கையோட ஊடு திரும்ப மாட்டாரு, கண்ணு."

இதற்குப் பிறகு தங்கவேல் அண்ணன் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கும்பிடுகிற மாதிரி பெட்டி மேல் குனிந்தார், கண்ணாடியோடு கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார், நிமிர்ந்து ஜெயராஜ் சார் காதில் சொன்னார்: "பன்னிதான்." மனுஷ ஜாதியைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அந்தப் பந்தலோடு போயிற்று.

நீங்கள் இன்னமும் சிரிக்கிறீர்கள். செத்தவன் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனான் என்றால் தலையை ஆட்டி நம்புகிறீர்கள், செத்தவர் வந்து காசு மாற்றிக்கொண்டு போனார் என்றால் நம்ப மாட்டீர்களாக்கும்.

அந்த ஒரு ரூபாய் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தங்கவேல் அண்ணன் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டேன் என்றார், ஜெயராஜ் சார் தொடவே மாட்டேன் என்றார், கடைசியில் நம்பாதவன் நீதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பட்டறை மேசை டிராயரில் கிடக்கிறது. அட்டை பிரிக்கப்படவில்லை, நாலு பின்னும் துருப்பிடித்துவிட்டன. பிரித்துப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், அதை மட்டும் பிரித்ததில்லை.

சங்கம் இன்னும் நடக்கிறது. கூட்டணிகளெல்லாம் மாறிவிட்டன, சண்டை மட்டும் மாறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குள் வந்ததும், ஆல்பத்தைத் திறப்பதற்கு முன்னால், தங்கவேல் அண்ணன் என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒன்று கேட்பார்.

"பிரான்சிஸ், அந்தச் சந்தனம் காஞ்சிருச்சா?"

இன்று காலையும் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "இன்னும் இல்லீங்கண்ணா" என்றேன்.